கொல்கத்தாவின் சாக்கடை போகும் வழியில்

சனி இரவு, லேக் மார்க்கெட்

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை, அதாவது எஸ்.டி.பி.க்களை, பராமரிப்பது என் வேலை. எந்த எஸ்.டி.பி.யின் கரண்ட் பில்லைப் பிரித்துப் பார்த்தாலும் பாதிக்கு மேல் காற்று ஊதும் புளோயர் தின்றிருக்கும். ஏரேஷன் டேங்கில் கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும், அதற்காக ராப்பகலாகக் காற்றை ஊத வேண்டும். ஊதுவது மோட்டார், மோட்டாருக்கு வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியை எரித்து வருவது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சாக்கடை கலக்காமல் காப்பாற்ற எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கியில் கரியை ஏற்றிக்கொண்டிருக்கிறோம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இது என்னை உறுத்துகிறது.

சுத்திகரிக்காமல் அப்படியே விட்டுவிடவும் முடியாது. தேங்கிய சாக்கடையும் செப்டிக் டேங்கும் மீத்தேன் விடும். பூமியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 27 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கழிவில் இருக்கும் நைட்ரஜனிலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடு இன்னும் மோசம், அது 273 மடங்கு. ஆக, சுத்திகரிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்காகக் கரி எரிக்கக் கூடாது. உலகம் செலவழிக்கும் மின்சாரத்தில் சுமார் 4 சதவீதம் தண்ணீர்த் துறைக்குப் போகிறது, அதில் ஏறக்குறையக் கால்பங்கு கழிவுநீருக்கு என்று சர்வதேச எரிசக்தி முகமை 2016இல் கணக்குப் போட்டது. நம் ஊர்களில் இன்னும் பாதிக்குமேல் கழிவுநீர் எந்தச் சுத்திகரிப்பையும் பார்ப்பதில்லை. மிச்சத்துக்கும் புளோயரே வைத்தால் அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும்?

கொல்கத்தாவுக்கு வந்தது இதற்காகத்தான். இங்கே நகரத்தின் பெரும்பகுதிக் கழிவுநீர் கிழக்கே ஒரு சதுப்புநிலத்துக்குப் போகிறது. 12,500 ஹெக்டேர். 2002 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அங்கே மீனவர்கள் சாக்கடையைக் குளங்களில் விட்டு மீன் வளர்க்கிறார்கள், மீன் வளர்வதற்குள் தண்ணீர் சுத்தமாகிவிடுகிறது. புளோயர் கிடையாது. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்ததை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று பல வருஷமாக நினைத்திருந்தேன்.

தங்குவது சித்தி வீட்டில். லேக் மார்க்கெட் பக்கம் தமிழர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். சித்தியும் கல்யாணமாகி வந்ததிலிருந்து இங்கேதான். அவர் பேசும் வங்காள மொழிதான் எனக்கு வழித்துணை. ஜனவரி கடைசி, நம் ஊர் ஆட்களுக்கு இது நல்ல குளிர்தான்.

ஞாயிறு, பாமர்ஸ் பஜாரிலிருந்து தாபா வரை

சாக்கடையை அது கிளம்பும் இடத்திலிருந்தே பார்க்கலாம் என்று பாமர்ஸ் பஜார் பம்பிங் ஸ்டேஷனில் ஆரம்பித்தோம். உள்ளே விடவில்லை, கேட்டில் நின்று பார்த்ததோடு சரி. அப்புறம் டாப்சியா வழியாகக் கால்வாயை ஒட்டிக் கிழக்கே போனோம்.

இந்த ஊரின் தரை அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். மேற்கே ஹூக்ளி ஆறு ஓடுகிறது. ஆனால் தரை ஆற்றை நோக்கிச் சரியவில்லை. ஆறு தானே வண்டல் போட்டுக் கரையை உயர்த்திக்கொண்டதால் நகரம் கிழக்கே, உவர்நீர்ச் சதுப்பை நோக்கிச் சரிகிறது. ஆங்கிலேயர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் செங்கல் சாக்கடைகளைக் கட்டியபோது இந்தச் சரிவை ஒட்டித்தான் கட்டினார்கள். மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில். கிழக்கே போய்ச் சேர்ந்த இடம் வித்யாதரி ஆறு. அது கடலின் ஏற்றவற்றத்தால் உயிரோடு இருந்த ஆறு. வண்டல் சேர்ந்து சேர்ந்து 1928இல் அதைச் செத்த ஆறு என்று அரசே அறிவித்துவிட்டது.

நகரத்தின் சாக்கடைக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. மாநகராட்சியின் தலைமைப் பொறியாளராக இருந்த பி.என். தே இன்னும் கிழக்கே, முப்பது கிலோமீட்டர் அளவில் தள்ளியிருக்கும் குல்டி ஆறு வரை இரண்டு கால்வாய்களை வெட்டத் திட்டம் போட்டார். ஒன்று சாதாரண நாள் கழிவுநீருக்கு, இன்னொன்று மழைக்காலப் பெருக்குக்கு. 1943இல் அது ஓடத் தொடங்கியது. உவர்நீர் வரத்து நின்றுபோய் மீன்பிடிப்பு படுத்துக் கிடந்த சதுப்பு மீனவர்களுக்கு இப்போது பக்கத்திலேயே சத்துள்ள கழிவுநீர் ஓடியது. அதை அளவாகக் குளத்தில் விட்டால் மீன் கொழுக்கிறது என்று அவர்கள் முப்பதுகளிலேயே கண்டுபிடித்திருந்தார்கள். கால்வாய் வந்ததும் அது பரவியது. அவர்களுக்கு எந்த ஆய்வுக்கூடமும் சொல்லித் தரவில்லை.

கால்வாய்த் தண்ணீர் கன்னங்கரேல் என்று, மேலே குமிழி விட்டுக்கொண்டு ஓடுகிறது. அந்தக் குமிழியில் மீத்தேன் இருக்கும். கழிவுநீரை நீண்ட தூரம் காற்றில்லாமல் இழுத்துக்கொண்டு போனால் வரும் விளைவு இது. இந்தப் பகுதியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் கால்வாயை அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்குக் கண்ணில் பட்டதும் முதலில் அதுதான்.

தாபாவில் ஒரு பக்கம் நகரத்தின் குப்பை மலை. அதை ஒட்டியே பழைய குப்பை மக்கிய மண்ணில் காய்கறி வயல்கள். காலிஃபிளவர், கத்தரி, பூசணி, கீரை. பாசனத்துக்குக் கழிவுநீர். சதுப்புநிலம் முழுக்கச் சேர்த்து நாளைக்கு 150 டன் காய்கறி நகரத்துக்குப் போகிறது என்பார்கள். "நான் வாங்குற காலிஃபிளவர் இங்கேர்ந்துதான் வருதா?" என்று சித்தி நின்று பார்த்தார். நகரத்தின் எல்லையிலேயே விளைவதால் லாரியும் வேண்டாம், குளிர்பதனமும் வேண்டாம், யூரியாவும் அதிகம் வேண்டாம். யூரியா செய்ய இயற்கை எரிவாயு போகும் கணக்கைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். இன்னொரு பக்கம், பேட்டரியும் பெயிண்டும் கலந்த குப்பை மண்ணில் கன உலோகங்கள் இருக்கும் என்ற கவலையும் நியாயமானதுதான். குப்பையை வீட்டிலேயே பிரிக்காத வரை அந்தக் கவலை தீராது.

திங்கள், ஒரு பேரியின் கரையில்

கழிவுநீரில் மீன் வளர்க்கும் பெரிய குளத்துக்கு இங்கே பேரி என்று பெயர். இப்படி 250க்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை தனியார் குத்தகை. கொஞ்சம் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் கையில். நாங்கள் போனது ஒரு கூட்டுறவுப் பேரிக்கு. பைபாஸிலிருந்து இருட்டோடு ஆட்டோ பிடித்தோம். பொழுது விடியும்போது கரையில் நின்றோம். பனிமூட்டத்தில் எதிர்க்கரை தெரியவில்லை. குளம் என்று சொல்வதைவிட ஏரி என்றால்தான் பொருந்தும்.

நாற்றத்துக்குத் தயாராகப் போயிருந்தேன். இல்லை. பாசி வாசனைதான்.

பேரியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் கரையில் குந்தியிருந்தார். சித்தி அவரை "தாதா" (வங்காள மொழியில் அண்ணா) என்று கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்தார். அவர் எங்களைத் திரும்பிப் பார்க்காமலே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா என்று பார்க்கிறாராம். அப்படி வந்தால் அன்றைக்குச் சாக்கடை மதகைத் திறக்க மாட்டார்.

அவர் சொன்னது எனக்கு அப்படியே விளங்கியது. பகலில் பாசி சூரிய ஒளியை வாங்கி ஆக்சிஜன் விடும். ராத்திரி அந்தப் பாசியே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், பாக்டீரியாவும் எடுக்கும், மீனும் எடுக்கும். விடிகிற நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். மீன் மூச்சுக்குத் திணறினால் குளத்துக்கு முதல் நாள் கொடுத்த கழிவு அதிகம் என்று அர்த்தம். நாங்கள் மீட்டரை வைத்து, புளோயரைக் கூட்டிக் குறைத்துச் செய்வதை அவர் மீனின் வாயைப் பார்த்துச் செய்கிறார். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் கையடக்க டி.ஓ. மீட்டர் என் பையில் இருந்தது. அவர் சம்மதத்தோடு நனைத்துப் பார்த்தேன். எங்கள் ஏரேஷன் டேங்கில் நாங்கள் பிடித்து வைக்கும், லிட்டருக்கு 2 மில்லிகிராமை ஒட்டி நின்றது. "பரவாயில்லைதானே?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். "அதான் நான் அப்பவே சொன்னேனே" என்றார். அதே இடத்தில் மதியம் வெயில் ஏறிய பிறகு நனைத்தபோது எண் பல மடங்கு ஏறியிருந்தது. அவ்வளவு ஆக்சிஜனை எங்கள் தொட்டியில் எந்த புளோயரும் கரைத்ததில்லை.

அப்புறம் இன்னொன்று காட்டினார். சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, உள்ளங்கையை மேல்பார்க்க விரித்தார். முழங்கை மூழ்கும் ஆழத்தில் உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் பாசி அளவாக இருக்கிறது. சுத்தமாகத் தெரிந்தால் சாப்பாடு போதவில்லை, சாக்கடை விடலாம். மணிக்கட்டிலேயே மறைந்துவிட்டால் பாசி அளவுக்கு மிஞ்சிவிட்டது, நிறுத்த வேண்டும். என்னையும் செய்து பார்க்கச் சொன்னார். பச்சைத் தண்ணீருக்குள் என் விரல்கள் மங்கி நின்றன. "இன்னைக்குக் கொஞ்சம் விடலாம் மா" என்றார்.

மதகைத் திறந்ததையும் பார்த்தோம். பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. கிளைக் கால்வாயிலிருந்து வரும் வாயில் மூங்கில் தட்டி நெருக்கமாக நட்டிருக்கிறது. குப்பை உள்ளே வராது, மீன் வெளியே போகாது. கருப்புத் தண்ணீர் தட்டி வழியாக நுழைந்து கொஞ்ச தூரம் நாக்குப்போல நீண்டு, அப்புறம் பச்சையில் கரைந்துபோகிறது. பம்ப் இல்லை. கால்வாயின் மட்டம் பேரியின் மட்டத்தைவிட உயரம், அவ்வளவுதான்.

குளத்தின் ஆழம் இடுப்பளவு, சில இடத்தில் அதற்கும் குறைவு. இந்த ஆழக் குறைவில்தான் சூட்சுமம். வெயில் அடிவரை போகிறது, காற்று கலக்கிவிடுகிறது. அடியில் ஆக்சிஜன் இல்லாத அடுக்கு தடிமனாகச் சேர்ந்தால் அங்கே மீத்தேன் ஊறும். இதைத் தடுக்க அவர்கள் வருஷா வருஷம் செய்யும் வேலையைப் பக்கத்துப் பேரியில் பார்த்தோம். குளிர்காலத்தில் மீனைப் பிடித்துவிட்டு, தண்ணீரை வடித்துவிட்டு, தரையை வெடிக்கும்வரை காய விடுகிறார்கள். சேற்றை வெட்டிக் கரையில் போட்டுப் பலப்படுத்துகிறார்கள். உழுது, சுண்ணாம்பு போட்டு, வேண்டாத மீன்கள் மிச்சமிருந்தால் இலுப்பைப் பிண்ணாக்கு போடுகிறார்கள். அப்புறம் கழிவுநீர் விட்டு இரண்டு மூன்று வாரம் சும்மா வைக்கிறார்கள். தண்ணீர் பச்சை கட்டியதும் கலக்கிவிட்டுக் குஞ்சு விடுகிறார்கள். ரோகு, கட்லா, மிர்கால், வெள்ளிக் கெண்டை, நம் ஊரில் ஜிலேபி என்கிற திலேப்பியா. ஒன்று மேல்மட்டத்தில் மேயும், ஒன்று நடுவில், ஒன்று அடியில். பாசி எந்த மட்டத்திலும் மிஞ்சிப் போவதில்லை.

கரையோரம் முழுக்க ஆகாயத் தாமரையை மூங்கில் கட்டி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். சென்னையில் ஆகாயத் தாமரை என்றாலே அள்ளிக் கொட்டு என்போம். இங்கே அது அலையிலிருந்து மண்கரையைக் காக்கிறது, வேரில் உலோகத்தைப் பிடித்துக்கொள்கிறது, வெயிலில் மீனுக்கு நிழல் தருகிறது. எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் களையும் வேலைக்கு ஆகும் என்று தெரிந்துகொண்டேன்.

சுத்தமாவதற்கு ஆதாரமும் இருக்கிறது. இந்தப் பேரிகளில், தண்ணீரில் மக்கும் கழிவின் அளவைக் காட்டும் பி.ஓ.டி. 80 சதவீதத்துக்கு மேல் குறைகிறது, கோலிஃபார்ம் கிருமிகள் 99 சதவீதத்துக்கு மேல் குறைகின்றன என்று பலமுறை அளந்திருக்கிறார்கள். பேரியிலிருந்து வெளியேறும் தண்ணீர் நேராக நெல் வயலுக்குப் போகிறது. வயலைப் போய்ப் பார்க்க நேரமில்லை, சித்திக்கு முழங்கால் வலி.

செவ்வாய், வீட்டில் கணக்கு

இன்றைக்கு வெளியே போகவில்லை. பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன்.

நகரம் இந்தப் பக்கம் தள்ளும் கழிவுநீர் நாளைக்கு 75 கோடி லிட்டருக்குக் குறையாது என்று வைத்துக்கொள்வோம். அது 7.5 லட்சம் கன மீட்டர். நாங்கள் வைத்திருப்பதுபோன்ற ஏரேஷன் முறையில் ஒரு கன மீட்டருக்கு 0.3 முதல் 0.6 யூனிட் மின்சாரம் ஆகும். 0.4 என்று எடுத்தால் நாளைக்கு 3 லட்சம் யூனிட். இங்கே வருவதெல்லாம் பேரிக்குள் போவதில்லை. கணிசமான பகுதி கால்வாயோடு குல்டிக்குப் போய்விடுகிறது. ஜாக்கிரதையாக மூன்றில் ஒரு பங்குதான் பேரியில் சுத்தமாகிறது என்று வைப்போம். நாளைக்கு ஒரு லட்சம் யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் நாளைக்கு 70 டன், வருஷத்துக்கு 25,000 டன். இது என் கைக்கணக்கு. 0.4க்குப் பதில் வேறு எண் போட்டால் விடை மாறும், ஆனால் சிறியதாகிவிடாது.

கழிவு மக்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு இந்தக் கணக்கில் வராது. அது நாம் சாப்பிட்ட அரிசியிலும் பருப்பிலும் இருந்த கார்பன், செடி காற்றிலிருந்து எடுத்தது காற்றுக்கே திரும்புகிறது. நாம் எண்ண வேண்டியது மின்சாரம், மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, அப்புறம் கசடை அள்ளிக்கொண்டு போகும் டீசல். பேரியில் மின்சாரமும் டீசலும் ஏறக்குறைய இல்லை. மற்ற இரண்டு வாயுக்களும் பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன். ஆழம் கூடி, சேறு தங்கி, பராமரிப்பு இல்லாத பேரி மீத்தேன் விடும். காய விடுவதும் சேறு அள்ளுவதும் அதனால்தான் முக்கியம். இங்கே சேறு அள்ளும் கூலியாள்தான் உமிழ்வைக் குறைக்கிறவர்.

இதற்கு மேல் மீன் இருக்கிறது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல். இதே மீனை ஆந்திரக் குளங்களில் தீவனம் போட்டு வளர்த்து, ஐஸ் அடைத்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியில் கொண்டுவருகிறார்கள். கொல்கத்தா அதையும் நிறையச் சாப்பிடுகிறது. பேரி மீனுக்கு வாங்கிய தீவனம் சொற்பம். வண்டி ஓடும் தூரம் பத்திருபது கிலோமீட்டர்.

இதையெல்லாம் முதலில் கணக்கெடுத்து உலகத்துக்குச் சொன்னவர் துருபஜோதி கோஷ். மேற்கு வங்க அரசின் சுகாதாரப் பொறியாளர். எண்பதுகளின் தொடக்கத்தில், நகரத்தின் கழிவுநீர் கடைசியில் என்னதான் ஆகிறது என்று பார்க்கக் கிளம்பினார். அரசு ஆவணங்களில் அதற்குப் பதில் இல்லை. கால்வாயோடு போய்ப் பார்த்தபோது மீனவர்கள் நடத்திக்கொண்டிருந்த இந்த ஏற்பாட்டைக் கண்டார். பிறகு வாழ்நாள் முழுக்க இதற்காகவே நின்றார். 1990இல் ஐ.நா.வின் குளோபல் 500 விருது, 2016இல் லூக் ஹாஃப்மன் விருது. 2018இல் காலமானார். என் துறைக்காரர் ஒருவர் தன் படிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு மீனவர்களிடம் பாடம் கேட்டார் என்பதில் எனக்குப் பெருமை.

புதன், பான்தலா

பசந்தி சாலையில் வண்டி பிடித்து பான்தலா மதகுக்கு வந்தோம். ஒட்டுமொத்த ஏற்பாட்டுக்கும் இதுதான் உயிர்நாடி. இந்த மதகை மூடினால் கால்வாயில் மட்டம் ஏறும், கழிவுநீர் தானாகக் கிளைக் கால்வாய்களில் பாய்ந்து பேரிகளுக்குப் போகும். திறந்தால் எல்லாம் குல்டிக்கு ஓடிவிடும். நகரத்துக்குத் திறந்திருந்தால் நல்லது, மழைநேரத்தில் தெருவில் தண்ணீர் நிற்காது. மீனவருக்கு மூடியிருந்தால்தான் பிழைப்பு. ஒரே மதகில் இரண்டு தேவைகள். நகரம் பெருத்துக்கொண்டே போவதால் யார் சொல்லுக்கு எடை அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மதகருகே டீக்கடையில் ஒரு பேரிக்காரர் சொன்னார்: "சாக்கடை வேணாம்னு எல்லாரும் சண்டை போடுவாங்க. நாங்க சாக்கடை குடுங்கன்னு மனு போடுறோம்." கால்வாய்களில் வண்டல் ஏறிவிட்டதால் தூரத்துப் பேரிகளுக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. சிலர் டீசல் பம்ப் வைத்து இறைக்கிறார்கள். புளோயரே வேண்டாத இடத்தில் டீசல் எரிவதைக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. கால்வாயைத் தூர்வாரினால் அந்த டீசல் மிச்சம். தூர்வாருவதை கார்பன் குறைப்பு என்று யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை, எழுத வேண்டும்.

பக்கத்திலேயே தோல் தொழிற்சாலை வளாகம். தாங்ரா, தில்ஜலா, டாப்சியா பக்கம் இருந்த தோல் பதனிடும் கூடங்களை நகரத்துக்கு வெளியே மாற்றச் சொல்லி 1996இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவை வந்து சேர்ந்த இடம் இந்தச் சதுப்பின் ஓரம். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஆனாலும் தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் பற்றிய பயம் மீனவர்களிடம் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர் பார்த்தவர்களுக்கு அந்தப் பயத்தை விளக்க வேண்டாம். வீட்டுக் கழிவை வெயிலும் பாசியும் ஜீரணிக்கும். குரோமியத்தை எந்தப் பாசியும் ஜீரணிக்காது, சேற்றில் தங்கி மீனுக்குப் போகும். இரண்டும் ஒரே கால்வாயில் கலக்கவே கூடாது என்பதில் சமரசமே இருக்க முடியாது.

திரும்பும் வழியில் மேற்கே பார்த்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் வரிசையாக அடுக்குமாடிகள். அறுபதுகளில் ஹூக்ளி வண்டலைக் கொட்டிச் சதுப்பை நிரப்பித்தான் சால்ட் லேக் நகரியம் கட்டினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இன்னும் ஒரு பகுதியை நிரப்பி உலக வர்த்தக மையம் கட்டத் திட்டம் வந்தது. 'பப்ளிக்' என்ற தன்னார்வ அமைப்பு கல்கத்தா உயர் நீதிமன்றம் போனது. 1992இல் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி, சதுப்பை வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தார். 2006இல் தனிச்சட்டமும் வந்தது. தீர்ப்பும் சட்டமும் இல்லாவிட்டால் நான் திங்களன்று கை நனைத்த இடத்தில் இன்றைக்கு ஒரு பார்க்கிங் இருந்திருக்கும். இருந்தும் ஓரங்களில் மண் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு பேரியை வருஷத்துக்கு ஒரு மூலையாக நிரப்பினால் எந்த வருஷமும் பெரிய செய்தி ஆகாது.

நம் பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் தளமானது; 1,250 ஹெக்டேர் அளவு. இதில் பத்தில் ஒரு பங்கு. பெருங்குடியின் சுத்திகரிப்பு நிலையம் அதன் ஓரத்திலேயே இருக்கிறது, குப்பைக் கிடங்கும்தான். பள்ளிக்கரணையைப் பேரியாக்கு என்று நான் சொல்லவில்லை, அது பறவைகளுக்கு இருக்கட்டும். நிரப்பிய நிலத்தை யாரும் திரும்பத் தோண்டுவதில்லை என்பதை மட்டும் இங்கே பார்த்த பிறகு இன்னும் அழுத்தமாகச் சொல்வேன்.

வியாழன், சௌபாகா மீன் ஆடத்

கடைசி நாள். விடியுமுன் ஆடத்துக்கு, அதாவது மீன் ஏல மார்க்கெட்டுக்குப் போனோம். பேரி மீன் இங்கே உயிரோடுதான் விலைபோகும். வாய் குறுகிய பெரிய அலுமினிய ஹண்டிகளில் தண்ணீரும் மீனுமாக சைக்கிளிலும் வேனிலும் வந்து இறங்குகிறது. ஒவ்வொரு ஹண்டிக்கும் பக்கத்தில் ஒரு ஆள். உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டிக்கொண்டே இருக்கிறார், நிறுத்துவதே இல்லை. தட்டினால் காற்று கரையும், மீன் சாகாது. வேன் ஓடும்போதும் பின்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டு வருவார்களாம். ஒரு பையன் ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையால் டீ குடித்தான்.

சித்தி ஒரு ரோகு வாங்கினார். விற்றவரிடம் ஒன்று கேட்கச் சொன்னேன்: நகரத்தின் சாக்கடையைச் சுத்தம் பண்ணித் தருகிறீர்களே, அதற்கு மாநகராட்சி ஏதாவது கொடுக்கிறதா? சித்தி கேட்டதும் அவர் மீனைச் செதில் எடுத்தபடியே, "நாங்கதான் குத்தகை கட்டுறோம்" என்றார்.

என் மனசில் நிற்பது அந்தப் பதில்தான். ஒரு கம்பெனி எஸ்.டி.பி. நடத்தினால் லிட்டருக்கு இவ்வளவு என்று பில் போடும், நாங்களும் அப்படித்தான் போடுகிறோம். இவர்கள் அதே வேலையைக் கரி எரிக்காமல் செய்துவிட்டு, நிலத்துக்குக் குத்தகையும் கட்டி, மீன் விலை விழுந்த வருஷம் நஷ்டத்தையும் தாங்கி, பக்கத்து நிலத்துக்கு பில்டர் சொல்லும் விலையைக் கேட்டும் விற்காமல் இருக்க வேண்டியிருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் சேற்றில் இறங்க வர மாட்டேன் என்றால் குறை சொல்ல முடியுமா? சுத்திகரிப்புக்கான காசு மீனவர் சங்கத்துக்குப் போக வேண்டும். கால்வாய் தூர்வாரும் செலவு நகரத்தின் கணக்கில் வர வேண்டும். பான்தலா மதகை எந்த மாதம் எவ்வளவு மூடி வைப்பது என்பதில் பேரிக்காரர்களுக்கு எழுத்தில் உரிமை வேண்டும்.

ஊருக்குத் திரும்பியதும் எனக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. விழுப்புரம் பக்கம் ஒரு சிறிய பேரூராட்சி, நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர் கழிவுநீருக்கு புளோயர் வைத்த நிலையம் ஒன்றுக்கு எங்களிடம் கொட்டேஷன் கேட்டிருக்கிறது. ஊருக்கு வெளியே புறம்போக்கு நிலம் இருக்கிறது. நம் வெயிலுக்கு அந்த அளவுக்கு ஒன்றிரண்டு ஹெக்டேர் குளம் போதும். கொட்டேஷனோடு குளத்துக்கான வரைபடத்தையும், இருபது வருஷத்துக்கு இரண்டுக்கும் ஆகும் கரண்ட் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பப்போகிறேன். மேலதிகாரியிடம் நேற்றே போனில் சொல்லிவிட்டேன். "குளத்தை யார் பார்த்துக்குவாங்க?" என்று கேட்டார். சரியான கேள்வி. அந்த ஊரில் ஏரி மீன் குத்தகை எடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வரைபடம் போடுவதற்கு முன்னால் அவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும்.